ஜனெல் ஸ்டக்கியின் மூன்றாவது வழி

லிண்டர்வில் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. மேலே "பெறப்பட்டது", கீழே ஊர்ப் பெயர், நடுவில் தேதி. தேதியை மாற்ற ஒரு சின்னச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். காலை எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறந்ததும் ஜனெல் ஸ்டக்கி முதலில் செய்வது அதைத்தான். குளிர்கோட்டைக் கழற்றுவதுகூட அதற்குப் பிறகுதான். பதினெட்டு வருஷம் அவள் எங்கள் ஊரின் எழுத்தர். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் மேஜைக்கு வந்த எந்தக் காகிதமும் சிவப்பு மை படாமல் தப்பியதில்லை.

ஒருமுறை என் மனைவி டோரீன் எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டை அந்த மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் முட்டைக்கும் பூனை கழிக்கிற மண்ணுக்கும் நடுவில் சிவப்பாக முத்திரை.

"என்னம்மா இது, அநியாயமா இருக்கு. குடு இப்படி."

"சீல் விழுந்துடுச்சு நார்ம். இனிமே இது ஊர்ச் சொத்து. வேணும்னா நகல் தரேன்."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். பாதி கிண்டல்தான். ஆனால் கையில் கிடைத்தது நகல்தான். அசல் "இதர" என்ற கோப்புக்குப் போய்விட்டது. டோரீன் அன்று முழுக்கச் சிரித்தாள்.

நான் நார்ம் வைஸ். ஊரின் தண்ணீர்த் தொட்டி, பம்ப், குழாய், குளிர்காலத்தில் பனி தள்ளுவது, ரோட்டில் அடிபட்டுச் செத்த மானைத் தூக்கிப் போடுவது எல்லாம் என் வேலை. அறுநூற்று நாற்பது பேர் இருந்த ஊரில் முழுநேரச் சம்பளக்காரர்கள் நாங்கள் இரண்டே பேர். மேயர் ராய்ஸ் கிம்மல் விதை வியாபாரி. மன்ற உறுப்பினர்கள் ஆறு பேரும் அவரவர் பிழைப்பைப் பார்த்துவிட்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்து கை தூக்குவார்கள். மற்ற இருபத்தொன்பது நாளும் ஊர் என்பது நானும் ஜனெலும்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒஹாயோவின் எங்கள் பக்கத்தில் எந்தச் சின்ன ஊரும் அப்படித்தான் ஓடுகிறது.

அவளுக்கு ஐம்பத்தோரு வயது ஆனபோது மன்றத்தில் ஒரு பேச்சு வந்தது. மாநிலம் கேட்கும் அறிக்கைகள் கூடிக்கொண்டே போகின்றன, மானியம் வாங்க விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள் இல்லை, படித்த நிர்வாக அலுவலர் ஒருவர் இருந்தால் ஊர் பிழைக்கும் என்றார்கள். ராய்ஸ் அவளைப் பார்த்துச் சொன்னார்: "பொது நிர்வாகத்துல முதுகலை முடிச்சுட்டு வா ஜனெல். அந்தப் பதவியை உனக்குன்னே உண்டாக்கறோம்." ராய்ஸ் இப்படிப் பலருக்குப் பலது சொல்லியிருக்கிறார். ஜனெல் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

பி.ஏ. பட்டத்தையே ஒன்பது வருஷம் துண்டு துண்டாகப் படித்து முடித்தவள் அவள். கணவன் வேறொருத்தியோடு டெக்சஸ் போய் நாளாகிவிட்டது. பிள்ளை இல்லை. வீட்டில் ஒரு கிழட்டு நாய். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைனில் சேர்ந்தாள். இந்த வயதில் எதற்கு இந்தத் தலைவலி என்று நான் கேட்டதற்கு, பம்ப் ரூமில் என் எதிரே உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"பள்ளிக்கூடத்தை மூடினாங்க, பாத்துக்கிட்டு இருந்தோம். பேங்க் போச்சு, கடை போச்சு, பாத்துக்கிட்டுதான் இருந்தோம். அடுத்தது ஊராட்சிதான். அதையும் சும்மா பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. எப்படிக் காப்பாத்தறதுன்னு எங்கயாவது ஒரு புஸ்தகத்துல எழுதியிருப்பாங்கல்ல?"

அவளுக்கு வேண்டியது அந்த நாற்காலிதான். மேயர் நாற்காலி அல்ல, நிர்வாக அலுவலர் நாற்காலி. ஊர் இருந்தால்தான் நாற்காலி, நாற்காலியில் தெரிந்த ஆள் இருந்தால்தான் ஊர். இரண்டையும் அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அலுவலகத்து இணைய இணைப்பில் படிக்கமாட்டாள். அது வரிப்பணத்தில் வருவதாம். அவள் வீட்டில் இணைப்பு மழை பெய்தாலே போய்விடும். அதனால் சனிக்கிழமை காலை வகுப்புக்கு ஒன்பது மைல் தள்ளி அடுத்த ஊர் நூலகத்தின் வாசலுக்குக் காரை ஓட்டிப் போவாள். நூலகம் பதினோரு மணிக்குத்தான் திறக்கும், ஆனால் அதன் இணைப்பு வெளியே வரை எட்டும். ஸ்டியரிங் மேல் கணினியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மடியில் கம்பளி, கண்ணாடியெல்லாம் ஆவி. ஜனவரியில் ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது கண்ணாடியைத் தட்டிக் கதவைத் திறந்தேன்.

"என்ன ஜனெல், கார்லயே குடித்தனமா?"

"வாடகை கம்மி. கதவை மூடு, பேராசிரியர் காதுல உன் குரல் விழுது."

இரண்டரை வருஷம் இப்படியே போனது. புதிதாகப் படித்ததையெல்லாம் என் மேல்தான் பரிசோதிப்பாள். ஒரு வாரம் நான் "பங்குதாரர்". இன்னொரு வாரம் நான் "கள அலுவலர்". ஒழுக்கவியல் பாடத்தில் ஒரு கேள்வி வந்ததாம்: உங்கள் அலுவலகத்துக்குச் சங்கடம் தரும் காகிதத்தை ஒருவர் கேட்டால் கொடுப்பீர்களா? வகுப்பில் பாதிப் பேர், அது சூழ்நிலையைப் பொறுத்தது என்று எழுதியிருந்தார்கள். "சூழ்நிலையாம் சூழ்நிலை," என்று ஒரு வாரம் பொருமினாள். "கோப்புல இருந்தா குடுக்கணும். இதுக்கு எதுக்குப் படிப்பு?"

கடைசி ஆய்வுக் கட்டுரைக்கு அவள் எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டாள். லிண்டர்வில்லுக்கு முன்னால் இருக்கும் வழிகள் என்று தலைப்பு. பேராசிரியர் ஃபெல்ப்ஸ் என்ற அம்மாள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். மூன்று வழிகள் எழுத வேண்டும். அதில் ஒன்று, எழுதுகிறவருக்கே பிடிக்காத வழியாக இருக்க வேண்டும். அதையும் மற்ற இரண்டுக்குச் சமமாக, அதை நம்புகிறவன் படித்தால் தலையாட்டும்படி எழுத வேண்டும். ஜனெல் எழுதிய முதல் வழி, பக்கத்து இரண்டு ஊர்களோடு சேர்ந்து வேலையாட்களைப் பகிர்ந்துகொள்வது. அவள் மனசு முழுக்க அதில்தான். இரண்டாவது எனக்கு மறந்துவிட்டது. மூன்றாவது, ஊராட்சியைக் கலைத்துவிட்டுச் சுற்றியுள்ள கிராமப்புறத்தை நிர்வகிக்கும் டவுன்ஷிப்போடு சேர்ந்துவிடுவது.

முதல் வரைவு திரும்பி வந்த அன்று மதியம் அவள் பம்ப் ரூமுக்கு வந்து சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை.

"மூணாவது வழியை நான் வெறுக்கறது ஒவ்வொரு வரியிலயும் தெரியுதாம். நேர்மையா எழுதலையாம். திரும்ப எழுதணுமாம்."

"அந்தம்மாவுக்கு இதனால என்ன வருது?"

"அவங்க சொல்றது சரிதான் நார்ம். அதுதான் கஷ்டம். ஊரைக் கலைக்கச் சொல்லி நானே வக்கீலா நின்னு வாதாடணும்."

"அப்ப மோசமா வாதாடு. பாஸ் ஆனா போதும்ல?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மோசமா எழுத எனக்கு வராது."

வரத்தான் இல்லை. ஐந்து வாரம் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாள். அவளுக்குத் தெரியாத கணக்கா, அவள் பார்க்காத கோப்பா? எங்கள் குழாய்களின் வயது, போலீஸ் இல்லாத நாட்கள், காலியான வீடுகள் என்று ஒன்றையும் விடவில்லை. மதிப்பெண் வகுப்பிலேயே அதிகம் வந்தது. ஃபெல்ப்ஸ் அம்மாள் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: கட்டுரையின் மிகச் சிறந்த பகுதி மூன்றாவது வழிதான். ஜனெல் அதை என்னிடம் காட்டினாள். அவள் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, ஏதோ சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டுவிட்ட மாதிரியும் இருந்தது.

கட்டுரையைச் சம்பந்தப்பட்ட அமைப்பின் முன் வைக்க வேண்டும், தலைவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. மே மாதச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு நீல அட்டை போட்டு எட்டுப் பிரதிகள் கொண்டுவந்தாள். ஆறு உறுப்பினர்களுக்கு ஆறு, மேயருக்கு ஒன்று. எட்டாவதை எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் மூலையில் முத்திரை குத்தினாள்.

"அதுக்கு எதுக்கு சீல்? அது உன் வீட்டுப்பாடம்," என்றேன் பின்வரிசையிலிருந்து.

"மன்றத்து மேஜைக்கு வந்துடுச்சுல்ல," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

அந்தச் சில நிமிஷங்களை நான் எத்தனை முறை திரும்ப நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வேறு எந்த ஊரிலும் எந்த எழுத்தரும் தன் சொந்தப் பாடக் கட்டுரைக்கு முத்திரை குத்தி ஊர்க் கோப்பில் சேர்த்திருக்கமாட்டாள். ஜனெல் சேர்த்தாள். மேஜைக்கு வந்தது கோப்புக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

பத்து நிமிஷம் பேசினாள். உறுப்பினர்களில் ஒருவர் அட்டை அழகாக இருக்கிறது என்றார். ராய்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்ததாக, குரைக்கிற ஒரு நாயைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. ஒருவரும் நீல அட்டையைத் திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தன் வீட்டில் எடுத்து அதே நீல அட்டை போட்ட பிரதி ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

"முதல் வழியைப் படி. உன்னைப் பத்திதான் அதுல பாதி. படிச்சுட்டு சொல்லு."

"கண்டிப்பா," என்று சொல்லி லாரி சீட்டுக்கு அடியில் வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் படிக்கவில்லை.

ஜூலையில் டாரில் ப்ரூக்மன் வந்தான். அவன் வீட்டு முற்றத்தில் ஓடாத லாரிகள் மூன்று புல் முளைத்துக் கிடந்தன. அகற்றச் சொல்லி ஊராட்சி நோட்டீஸ் அனுப்பியது. நோட்டீஸ் மன்றத்தின் முடிவு, கையெழுத்து ஜனெலுடையது. டாரிலுக்குக் கையெழுத்துதான் கண்ணில் பட்டது. நான் அங்கே காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஜனவரியிலேர்ந்து மன்றத்துக்கு வந்த காகிதம் எல்லாம் எனக்கு வேணும். சட்டப்படி கேக்கறேன். எல்லாம்."

அவள் அலமாரியைத் திறந்து எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நீல அட்டை வந்ததும் கை ஒரு மூச்சு நேரம் நின்றது. நான் பார்த்தேன்.

"டாரில், இது நாப்பத்தாறு பக்கம். உன் லாரிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இதுவும் வேணுமா?"

"எல்லாம்னா எல்லாம்தான். எதையாவது ஒளிச்சு வைக்கலாம்னு பாக்கறியா?"

"இல்ல," என்றாள். நகல் எடுத்தாள். பக்கத்துக்குப் பத்து சென்ட். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தாள். அவன் போனதும் நான் கிட்டே போனேன்.

"அது ஒண்ணை விட்டிருக்கலாம்ல? அவனுக்கு எப்படித் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல," என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் பெட்ரோல் பங்கின் கண்ணாடியில் ஆறு பக்கங்கள் ஒட்டப்பட்டிருந்தன. இருபத்தொன்பதிலிருந்து முப்பத்துநாலு வரை, ஜனெல் எழுதிய மூன்றாவது வழி. தானியக் கிடங்கின் கதவிலும், சர்ச் கூடத்தின் அறிவிப்புப் பலகையிலும் அதே ஆறு. மேலே பெரிய எழுத்தில்: "நம்ம எழுத்தரே சொல்றாங்க, இந்த ஊராட்சி நமக்கு எதுக்கு?" சில வரிகளில் மஞ்சள் பூசியிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் முத்திரையின் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது, ஊராட்சியே வெளியிட்ட மாதிரி. பக்கத்தில் ஒரு மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள், ஊரைக் கலைப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வைக்கச் சொல்லி. தேவைப்பட்டதைவிட அதிகமாகவே கையெழுத்துக் கிடைத்தது. எல்லாரும் டாரிலின் ஆட்கள் இல்லை. நல்ல மனிதர்களும் இருந்தார்கள். வரி கட்டிக் களைத்தவர்கள், குழாய் வெடித்து வீட்டு நிலவறையில் தண்ணீர் புகுந்தவர்கள்.

தண்ணீர்க் கட்டணம் கட்ட வருகிறவர்கள் அவளிடம் நேராகவே கேட்டார்கள். "நீயே எழுதியிருக்கியே ஜனெல், அப்புறம் என்ன?" அவள் வேலை நேரத்தில் வாக்கெடுப்பைப் பற்றிப் பேசமாட்டாள், கூடாதாம், அதுவும் பாடத்தில் இருக்கிறதாம். "பதினோராம் பக்கத்துலேர்ந்து படிங்க. கோப்புல இருக்கு," என்று மட்டும் சொல்வாள். முதல் வழி தொடங்குவது அங்கேதான். ஒருத்தர்கூட வந்து கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நீயும் பதினோராம் பக்கத்தை நகலெடுத்து ஊர் முழுக்க ஒட்டு என்றேன். ஊராட்சி இயந்திரத்திலா, யார் காகிதத்தில், என்று கேட்டாள். அடுத்த ஊர்க் கடைக்குப் போய் எடு என்றேன். போனாள். சனிக்கிழமை ஒட்டினாள். திங்கட்கிழமைக்குள் யாரோ கிழித்திருந்தார்கள்.

அக்டோபரில் தீயணைப்புக் கூடத்தில் பொதுக்கூட்டம். எங்கள் வழக்கப்படி பேச விரும்பும் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். அதற்கு ஒரு சமையலறைக் கடிகாரம் உண்டு, மணி அடிக்கும். அதைத் திருகி வைப்பது எழுத்தர் வேலை. அன்றும் ஜனெல்தான் திருகினாள். டாரில் எழுந்து வேறு எதுவும் பேசவில்லை. அவள் கட்டுரையிலிருந்தே வாசித்தான். நிறுத்தி நிறுத்தி, நன்றாகவே வாசித்தான். கூட்டம் அவ்வளவு அமைதியாக ஒரு பாதிரியார் பேச்சைக்கூடக் கேட்டதில்லை. மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"இதுல எந்த வரி பொய்னு சொல்லு, நான் உக்காந்துடறேன்."

"நான் எழுத்தரா பதில் சொல்ல முடியாது," என்றாள். பிறகு தன் பெயரைத் தானே பேச்சாளர் பட்டியலில் எழுதினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் போய் மக்கள் நிற்கும் இடத்தில் நின்றாள். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டிக் கடிகாரத்தை மூன்று நிமிஷத்துக்குத் திருகினாள்.

"ஜனெல் ஸ்டக்கி, மேப்பிள் தெரு. அதுல எதுவும் பொய் இல்ல," என்றாள். கூடத்தில் ஒரு சலசலப்பு. "எதுவும் பொய் இல்லாம எழுதணும்னுதான் எழுதினேன். ஆனா அது மூணுல ஒண்ணு. ஒரு வழியைச் சரியா மறுக்கணும்னா முதல்ல அதைச் சரியாச் சொல்லணும், அதுக்காக…" விளக்க ஆரம்பித்தாள். பேராசிரியர், நிபந்தனை, வழிகள், ஒப்பீடு. வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினாள். ஆட்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். முதல் வழிக்கு இப்போதுதான் வந்தாள். "பக்கத்து ரெண்டு ஊரும் நம்மளோட சேர்ந்து ஒரே தண்ணி…"

மணி அடித்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பேசு ஜனெல்!" என்று நான் கத்தினேன். ராய்ஸ்கூட, "பரவாயில்ல, முடிச்சுடும்மா," என்றார்.

"எல்லாருக்கும் மூணு நிமிஷம்தான்," என்று சொல்லிவிட்டு மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுத்த பேச்சாளரின் பெயரை வாசித்துக் கடிகாரத்தைத் திருகினாள்.

நவம்பர் வாக்கெடுப்பில் கலைக்கச் சொன்னவர்கள் நூற்று நாற்பத்தொன்று. வேண்டாம் என்றவர்கள் நூற்று முப்பத்திரண்டு. ஒன்பது ஓட்டு. ஒன்பது பேரிடம் பதினோராம் பக்கத்தைப் படித்துச் சொல்லியிருந்தால் என்று டோரீன் ஒருநாள் ஆரம்பித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜனவரி முப்பத்தொன்று மாலை ஐந்து மணியோடு ஊராட்சி இல்லை என்று தேதி குறித்தார்கள். ஆவணங்கள் எல்லாம் கவுண்டியின், அதாவது எங்கள் மாவட்டத்தின், ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். இரண்டு மாதம் ஜனெல் அந்த வேலையைச் செய்தாள். நூற்றுப் பன்னிரண்டு வருஷத்துக் கூட்டக் குறிப்புகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, எண் போட்டு, பெட்டியில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் பட்டியல் எழுதினாள். தன் நாற்காலியைத் தானே பிரித்துக் கட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு. நான் பெட்டி தூக்கினேன்.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குத் தபால் வந்தது. ஒரு கட்டு. அவள் நின்றுகொண்டே உறைகளைக் கத்தியால் கிழித்து, எடுத்து, விரித்து, முத்திரை குத்தினாள். மின்சார நிறுவனக் கடிதம், டப். மாநிலத்திலிருந்து ஏதோ சுற்றறிக்கை, டப். மூன்றாவது உறை கெட்டியான அட்டையில் இருந்தது. கிழித்தாள், எடுத்தாள், டப்.

பட்டம். பொது நிர்வாகத்தில் முதுகலை, இத்தனை மாதம் கழித்து. வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க ஆள் இல்லையென்று அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தாள். தடித்த தந்தநிறக் காகிதம், பல்கலைக்கழகத்தின் பொன்நிறச் சின்னம், நட்டநடுவில் ஜனெல் மரீ ஸ்டக்கி என்று சாய்வெழுத்தில் பெயர். பெயரின் மேல் சிவப்பாக, பெறப்பட்டது, ஜனவரி 31, லிண்டர்வில் ஊராட்சி.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"பரவாயில்ல, பேரு தெரியுது," என்றேன். "சட்டம் போட்டு மாட்டினா அதுவே ஒரு அழகுதான். எடுத்துப் பைல வை."

அவள் அசையவில்லை. "சீல் விழுந்துடுச்சு நார்ம்."

"ஏய், விளையாடாத."

"விளையாடல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதினெட்டு வருஷத்தில் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை, அன்று உயர்த்தினேன். "இன்னும் ரெண்டு மணி நேரத்துல இந்த ஊரே கிடையாது! யாரோட ஆவணம்? யாரு வந்து கேக்கப் போறான்? கார்ல உக்காந்து குளிர்ல நடுங்கிப் படிச்ச படிப்பு, அதை டப்பாவுல போடப் போறியா?"

"அந்த ரெண்டு மணி நேரம் இருக்குல்ல," என்றாள். நாற்பத்தொன்றாம் பெட்டியைத் திறந்தாள். "இதர" கோப்பில் அதை வைத்தாள், டோரீனின் மளிகைச் சீட்டுக்குப் பின்னால். பட்டியலில் கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: பட்டச் சான்று, ஒன்று. முத்திரையைத் துடைத்து அதே பெட்டியில் வைத்து நாடா ஒட்டினாள். நாலரை மணிக்கு கவுண்டி வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

அன்று அதை வெறும் பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தக் காகிதத்தைத் தினமும் சுவரில் பார்த்துக்கொண்டு அந்த ஊரில் வாழ அவளால் முடியாது. அதைக் கண்ணில் படாமல் அனுப்பிவிட ஒரு விதி கிடைத்தது, பிடித்துக்கொண்டாள்.

டவுன்ஷிப்புக்கு ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்தர் இருந்தார். ஜனெல் பதினொரு ஊர்களுக்கு விண்ணப்பம் போட்டாள். இணையத்தில் அவள் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த ஆறு பக்கம்தான். ஒரே ஓர் ஊர் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அங்கே மேயர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: "எங்களைப் பத்தியும் கட்டுரை எழுதிட மாட்டீங்களே?" எல்லாரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்தாளாம். அதன்பிறகு அவள் விண்ணப்பம் போடவில்லை. மாநில ரோட்டில் இருக்கும் பெட்ரோல் பங்கில் கல்லாவில் நிற்கிறாள், அந்த ஆறு பக்கம் ஒட்டியிருந்த அதே பங்கில்.

எனக்கு வேலை போகவில்லை. கவுண்டி என்னை எடுத்துக்கொண்டது. மார்ச்சில் லாரியைத் திருப்பிக் கொடுக்கச் சீட்டுக்கு அடியைச் சுத்தம் செய்தபோது நீல அட்டை கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து பதினோராம் பக்கத்திலிருந்து படித்தேன். மூன்று ஊர், ஒரே தண்ணீர் இயக்குநர், ஒரே வண்டி, திங்கள் இங்கே, புதன் அங்கே. நான் இப்போது செய்வது அதுதான். நாள்கூட மாறவில்லை. கவுண்டி அவள் எழுதியதை அப்படியே செய்கிறது, லிண்டர்வில் என்ற பெயர் மட்டும் இல்லாமல். ஓரத்தில் பென்சிலால் எனக்கு ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்: "இது நடக்குமா நார்ம்? உனக்குத்தான் தெரியும்." நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கும். மன்றத்தில் எழுந்து சொல்லியிருந்தால் என் பேச்சைக் கேட்டிருப்பார்கள். குழாயைப் பற்றி அந்த ஊரில் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். லாரிக்குள் உட்கார்ந்து அழுதேன். அறுபத்திரண்டு வயதில் அது பார்க்கச் சகிக்காது.

மறுநாள் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். நாற்பத்தொன்றாம் பெட்டி, கடைசிக் காகிதம் என்று படிவம் எழுதிக் கொடுத்தேன். அசல் தரமாட்டோம், நகல் பத்து சென்ட் என்றான் அங்கிருந்தவன். நகல் கறுப்பு வெள்ளை. அசலில் சிவப்புக்கு அடியில் பெயர் தெரிந்தது. நகலில் சிவப்பு கறுப்பாகிப் பெயரை விழுங்கிவிட்டது. பட்டம் தெரிகிறது, பல்கலைக்கழகம் தெரிகிறது, லிண்டர்வில் ஊராட்சி தெரிகிறது. யாருக்குக் கொடுத்தது என்பது மட்டும் தெரியவில்லை.

இருந்தாலும் கொண்டுபோனேன். பங்கில் ஆள் இல்லாத நேரம். கல்லா மேல் வைத்தேன். "நான் படிச்சேன் ஜனெல்," என்றேன். "நடந்திருக்கும்."

அவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தாள்.

"பத்து சென்ட் வாங்கினாங்களா?"

"ஆமா."

"ரசீது?"

"தரல."

"தந்திருக்கணும்," என்றாள். காகிதத்தை என் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, பெட்ரோலுக்குப் பணம் கட்ட எனக்குப் பின்னால் வந்து நின்ற ஆளைப் பார்த்து, எந்த பம்ப் என்று கேட்டாள்.